எண் மாறாமல் இடம் மாறியது

கூட்டுறவு வங்கிகளுக்கும் சிறு நிதி நிறுவனங்களுக்கும் நடுவில் நின்று கணக்கு விவரங்களை வாங்கிக் கொடுப்பதுதான் நான் நெடுங்காலம் வேலை பார்த்த நிறுவனத்தின் தொழில். வெளியே யாருக்கும் எங்கள் பெயர் தெரியாது. ஆனால் எங்கள் சர்வர் அரை மணி நேரம் படுத்துவிட்டால், பரமக்குடியிலோ திண்டிவனத்திலோ யாரோ ஒருவர் பாஸ்புக்கைக் கையில் வைத்துக்கொண்டு கவுன்ட்டர் முன்னால் நின்றுகொண்டிருப்பார். அந்த வங்கிகள் ஒவ்வொன்றின் ஃபயர்வாலிலும் எங்கள் ஐ.பி. முகவரிகள் எழுதப்பட்டிருந்தன. இந்த எண்ணிலிருந்து வந்தால் விடு, மற்ற எதையும் விடாதே என்று சொல்லும் பட்டியல் அது. எழுதிக் கொடுத்தவர் எப்போதோ வந்துபோன ஒப்பந்தக்காரரின் ஆளாக இருப்பார். அவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று வங்கிக்கே தெரியாது. எழுதின பட்டியல் மட்டும் அப்படியே இருக்கும்.

இதன் கனம் எனக்கு வெகுகாலம் முன்பே புரிந்தது. அந்தக் காலத்தில் எங்களுக்குச் சொந்த முகவரி கிடையாது. இணைய இணைப்பு கொடுத்த நிறுவனம் தன் எண்களில் சிலவற்றை எங்களுக்குப் புழங்கக் கொடுத்திருந்தது. கட்டணத் தகராறில் அந்த இணைப்பை விட்டு வேறொன்றுக்கு மாறினோம். இணைப்பு போனதும் எண்களும் போய்விட்டன. எல்லா வங்கிகளுக்கும் கடிதம் போட்டோம், ஃபேக்ஸ் அனுப்பினோம், ஒவ்வொருவராகத் தொலைபேசியில் பிடித்தோம். திருவாரூர்ப் பக்கத்து வங்கி ஒன்றில் கம்ப்யூட்டர் ஆள் யாரும் இல்லை. பேசியவர் கேஷியர். "நீங்க சொல்லுங்க சார், நான் தட்டுறேன்" என்றார். நான் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். "புள்ளி ஒண்ணா ரெண்டா சார்?", "இப்ப பச்சையா ஏதோ வந்துச்சு, சரியா?" என்று கேட்டுக்கேட்டுச் செய்தார். வேலை முடிந்தபோது வங்கி மூடி வெகுநேரம் ஆகியிருந்தது. அவர் ஊருக்குப் போகும் கடைசி பஸ் போய்விட்டது என்று பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னார், குறையாகச் சொல்லவில்லை. அண்ணன் வண்டியில் வந்து கூட்டிப்போவார் என்றார்.

எங்கள் கட்டணத் தகராறுக்கும் அந்த மனிதருக்கும் என்ன சம்பந்தம்? நாங்கள் கொஞ்சம் பணம் மிச்சம் பிடித்தோம். அதன் சிரமத்தை முகம் தெரியாத நாற்பது ஐம்பது பேர் சுமந்தார்கள். இனி நாம் எங்கே போனாலும் நம் எண் மாறக் கூடாது என்று அன்றைக்கு எங்கள் மேலாளரிடம் சொன்னேன். அவர் உடனே தலையாட்டினார். அவரும் பல வங்கிகளோடு தொலைபேசியில் மல்லுக்கட்டியிருந்தார்.

சொந்த முகவரி வாங்குவது அப்போது இன்றுபோல் பணக் கணக்காக இருக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இருக்கும் ஏப்னிக் என்ற பதிவகம்தான் ஆசியா-பசிபிக் பகுதிக்கு ஐ.பி. முகவரிகளை ஒதுக்குகிறது. இரண்டு இணைய நிறுவனங்களிடம் ஒரே நேரத்தில் இணைப்பு வைத்திருக்கும் சிறு நிறுவனங்களுக்கு, எங்கே வேண்டுமானாலும் எடுத்துப்போகக்கூடிய சிறு தொகுதி கொடுப்பார்கள். தேவை என்ன என்று விளக்கி எழுத வேண்டும். எழுதினோம். அடுத்தடுத்த 512 முகவரிகளும், இணையத்தில் எங்கள் நெட்வொர்க்கை அடையாளம் காட்டும் ஏ.எஸ். எண் ஒன்றும் கிடைத்தன. அந்த மின்னஞ்சலை அச்செடுத்து மேலாளர் ஒரு பச்சைக் கோப்பில் வைத்தார்.

இந்த முகவரி யாருடையது என்பதைத் தீர்மானிப்பது சர்வரில் இருக்கும் எந்த அமைப்பும் இல்லை, பதிவகத்தின் ஏட்டில் இருக்கும் பெயர்தான். நம் ஊரில் நிலத்துக்குப் பட்டா எப்படியோ அப்படி. நிலத்தில் நீங்கள் பரம்பரையாக உழுதுகொண்டிருக்கலாம், பக்கத்து வயல்காரர் எல்லோரும் உங்களுடையது என்றே சொல்லலாம். வங்கியில் கடன் கேட்டுப் போனால் பட்டா தாத்தா பெயரில் இருப்பது அப்போதுதான் வெளியே வரும். பதிவகங்களின் விதிப்படி இந்த எண்கள் சொத்து இல்லை, பயன்படுத்தும் உரிமை மட்டுமே. ஆனாலும் உலகம் அவற்றுக்கு விலை வைத்துவிட்டது. திவாலாகியிருந்த நார்டெல் நிறுவனத்தின் 6,66,624 முகவரிகளை மைக்ரோசாஃப்ட் 2011-ல் 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. பழைய ஐ.பி. முறையில் இருப்பதே மொத்தம் சுமார் 429 கோடி எண்கள்தான். 2011 பிப்ரவரி 3-ஆம் தேதி உலகப் பொதுக் கையிருப்பின் கடைசித் தொகுதிகளை ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் ஏப்னிக்கும் தன் கடைசித் தொகுதிக்கு வந்து சேர்ந்து, கொடுப்பதை இறுக்கிப் பிடித்தது.

வருடங்கள் ஓடின. நிறுவனம் இன்னொன்றோடு சேர்ந்தது, பெயர் மாறியது. நான் ஓய்வு பெற்று, ஆலோசகர் என்ற பெயரில் வாரத்தில் சில நாள் போய்வந்தேன். சர்வர்கள் இருந்த கட்டடத்தின் குத்தகை முடியப்போகிறது, ஏ.சி.யும் ஜெனரேட்டரும் கிழடு தட்டிவிட்டன, எல்லாவற்றையும் கிளவுடுக்குக் கொண்டுபோவோம் என்று நிர்வாகம் முடிவு செய்தது. நல்ல முடிவுதான். ஆனால் திட்டத்தில் ஒரு வரி இருந்தது. புது முகவரிகளை வாங்கிக்கொண்டு கூட்டாளி வங்கிகளுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடலாம் என்று. நான் திருவாரூர்க் கேஷியரின் கதையைச் சொன்னேன். கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அணியில் வயதில் சின்னவளான ஒரு பெண் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கி, "சார், நம்ம நம்பரையே அங்க கொண்டுபோகலாம் சார். இதுல போட்டிருக்கு" என்றாள்.

அவள் சொன்னது சரி. அமேசான் 2018-லேயே இந்த வசதியைக் கொண்டுவந்துவிட்டது. கூகுள், மைக்ரோசாஃப்ட், ஆரக்கிள் எல்லோரிடமும் இன்று இருக்கிறது. முகவரிகள் பதிவகத்தில் நம் பெயரிலேயே இருக்கும். அவற்றுக்கான பாதை தன் வழியாக என்று இணையத்துக்கு அறிவிக்கும் வேலையை மட்டும் கிளவுட் நிறுவனம் நமக்காகச் செய்யும். கணக்குப் பார்த்தவர்களுக்கு இன்னொரு காரணமும் பிடித்துப்போனது. 2024 பிப்ரவரி 1 முதல் அமேசான், தான் கொடுக்கும் ஒவ்வொரு பொது ஐ.பி. முகவரிக்கும் மணிக்கு அரை சென்ட் வாங்குகிறது. நாம் கொண்டுபோகும் முகவரிகளுக்கு அந்தக் கட்டணம் இல்லை. நிர்வாகத்துக்குக் கட்டணம், எனக்குக் கேஷியர். இரண்டும் ஒரே பக்கம் இழுத்ததில் திட்டம் நகர்ந்தது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது எல்லோருக்கும் தேவையான வேலை இல்லை. வெறும் வலைத்தளம் நடத்துகிறவருக்கு எண் மாறினால் ஒன்றும் குடி முழுகாது. பெயரைத் தட்டித்தான் ஆட்கள் வருகிறார்கள், பெயருக்குப் பின்னால் இருக்கும் எண்ணை டி.என்.எஸ்.ஸில் மாற்றினால் முடிந்தது. எண்ணையே பிறர் தங்கள் ஏட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்றால், அப்போதுதான் இந்தப் பாடு படவேண்டும். பல காலம் ஒழுங்காக மின்னஞ்சல் அனுப்பி நல்ல பேர் எடுத்த முகவரிகள் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

பாடு என்று சொன்னேன். அது தொழில்நுட்பத்தில் இல்லை. இணையத்தில் வழி சொல்லும் முறைக்கு பி.ஜி.பி. என்று பெயர். 1989-ல், ஒருவரையொருவர் தெரிந்தவர்கள் மட்டும் இணையத்தில் இருந்த காலத்தில் எழுதப்பட்டது. இந்த முகவரிகள் என்னிடம் இருக்கின்றன என்று ஒரு நெட்வொர்க் சொன்னால், பக்கத்து நெட்வொர்க் நம்பி அடுத்தவரிடம் சொல்லும். 2008 பிப்ரவரி 24 அன்று, யூடியூபை நாட்டுக்குள் மட்டும் தடுக்க நினைத்த பாகிஸ்தான் டெலிகாம், யூடியூபின் முகவரிகளில் ஒரு பகுதி தன்னிடம் இருப்பதாக உள்ளே அறிவித்தது. அந்த அறிவிப்பு வெளியே கசிந்தது. சின்னத் தொகுதிக்கான அறிவிப்பே எப்போதும் பெரியதை வெல்லும் என்பதால், உலகத்தின் யூடியூப் போக்குவரத்து சுமார் இரண்டு மணி நேரம் அங்கே போய் முட்டி நின்றது. இதெல்லாம் பார்த்த பிறகு, யாரோ ஒருவர் வந்து இந்த எண்கள் என்னுடையவை, அறிவித்துக் கொடுங்கள் என்றால் கிளவுட் நிறுவனம் சும்மா அறிவிக்குமா? சான்று கேட்கிறது. கேட்க வேண்டியதுதான்.

நாங்கள் போக முடிவு செய்த அமேசான் கேட்பது மூன்று. முதலாவது, 'ரோவா' என்று நாங்கள் சுருக்கமாகச் சொல்லும் சான்று. என் முகவரித் தொகுதியை இன்ன ஏ.எஸ். எண் அறிவிக்கலாம் என்று பதிவகத்தின் தளத்தில் நுழைந்து நாமே கொடுக்கும் டிஜிட்டல் ஒப்புதல் அது. அமேசானுக்கு 16509, 14618 என்ற இரண்டு எண்களுக்கும் கொடுக்க வேண்டும். இரண்டாவது, நாம் உருவாக்கும் ஒரு சாவி ஜோடியின் பொதுப் பாதியைப் பதிவகத்தில் நம் தொகுதிக்குரிய குறிப்புப் பகுதியில் ஏற்றுவது. மூன்றாவது, நம் கிளவுட் கணக்கு எண், முகவரித் தொகுதி, காலாவதித் தேதி மூன்றையும் ஒரு வரியில் எழுதி, அந்தச் சாவியின் ரகசியப் பாதியால் கையெழுத்திட்டுக் கொடுப்பது. பதிவகத்தில் இருக்கும் சாவியும் இந்தக் கையெழுத்தும் பொருந்தினால் கேட்கிறவர் உரியவர்தான் என்று ஏற்பார்கள். இதையெல்லாம் அந்தப் பெண் ஒரு மதியத்தில் தயார் செய்துவிட்டாள்.

ஆனால் ஏப்னிக்கில் அந்தச் சாவியை ஏற்ற, பதிவான தொடர்பாளரின் மின்னஞ்சலிலிருந்து கோரிக்கை போக வேண்டும். பதிவில் இருந்தது எங்கள் பழைய மேலாளரின் முகவரி. அவர் ஓய்வு பெற்று ஆண்டுகள் ஆகிவிட்டன, பழைய நிறுவனத்தின் பெயரில் இருந்த அந்த மின்னஞ்சல் டொமைனையே மூடியாயிற்று. நிறுவனத்தின் பெயரும் பதிவில் பழையதே. அதாவது எங்கள் 512 முகவரிகளும் ஏட்டளவில், உலகத்தில் இல்லாத ஒரு கம்பெனிக்கும் வேலை செய்யாத ஓர் அஞ்சல் பெட்டிக்கும் சொந்தமாக இருந்தன. நாங்களோ தினமும் அவற்றில் வேலை செய்துகொண்டிருந்தோம், ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அப்படியிருந்தும் தொகுதி எங்கள் கையை விட்டுப் போகாமல் இருந்ததற்கு ஒரே காரணம் கணக்குப் பிரிவில் இருந்த ஓர் அம்மாள். ஆண்டுக் கட்டணத்துக்கான பில் ஆஸ்திரேலிய டாலரில் வரும். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் ஒவ்வொரு முறையும் படிவம் நிரப்ப வேண்டும், வரிப் பிடித்தம் பற்றி ஆடிட்டரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். சின்னத் தொகைக்குப் பெரிய அலைச்சல். எதற்கு இந்தச் செலவு என்று புதிதாக வந்த மேலதிகாரிகள் கேட்டதும் உண்டு. பச்சைக் கோப்பின் அட்டையில் பழைய மேலாளர் தன் கையால் 'இதை எந்த வருடமும் விடக் கூடாது' என்று எழுதியிருந்தார். அந்த அம்மாளுக்கு ஐ.பி. முகவரி என்றால் என்னவென்று தெரியாது. "அவர் விடக் கூடாதுன்னு எழுதியிருக்கார், நான் விடலை" என்று என்னிடம் சொன்னார். பில்லும் வங்கி ரசீதும் ஆண்டுவாரியாக நூலில் கோத்து வைத்திருந்தார். உரிமையை நிரூபிக்க நாங்கள் அனுப்பியவற்றில் அந்த ரசீதுகளும் இருந்தன. அன்று அவருக்கு நன்றி சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. கட்டாமல் விட்டிருந்தால் முகவரிகள் பதிவகத்துக்கே திரும்பிப் போயிருக்கும்.

பழைய மேலாளரைக் கும்பகோணத்தில் தேடிப்பிடித்தோம். "எந்தப் பேப்பர்ல கையெழுத்து வேணும் சொல்லு தம்பி, நானே கொண்டுவந்து தர்றேன்" என்றார். எனக்கே எழுபது நெருங்குகிறது, அவருக்கு நான் இன்னும் தம்பிதான். கம்பெனிப் பதிவாளர் கொடுத்த பெயர் மாற்றச் சான்றிதழ், இணைப்பு உத்தரவு, அவர் கடிதம், எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினோம். பதிவகத்திலிருந்து கேள்வி வந்தது, பதில் போட்டோம், மறுபடி கேள்வி வந்தது. இளைஞர்களுக்கு எரிச்சல். நான் எரிச்சல்படவில்லை. அங்கே உட்கார்ந்திருப்பவர் அவ்வளவு கேள்வி கேட்காவிட்டால், எங்கள் பெயரைச் சொல்லி வேறொருவர் வந்தாலும் கொடுத்துவிடுவார். ஒவ்வொரு கடிதத்திலும் எது குறைகிறது, அதை எப்படிச் சரிசெய்யலாம் என்று பொறுமையாக எழுதியிருந்தார் அந்த முகம் தெரியாத மனிதர். ஒருவழியாகப் பதிவு எங்கள் இன்றைய பெயருக்கு வந்தது. தொடர்பு முகவரியாக எந்த ஆளின் பெயரையும் போடாமல், பதவிக்கென்று ஒரு பொது மின்னஞ்சலைப் போட்டு, அது மூன்று பேருக்குப் போகும்படி வைத்தோம்.

அடுத்த சிக்கல் அளவு. இணையத்தில் 256 முகவரிக்குக் குறைந்த துண்டைத் தனியாக அறிவித்தால் பெரும்பாலான நெட்வொர்க்குகள் ஏற்காது. 256 முகவரி கொண்ட தொகுதியைத்தான் 'ஸ்லாஷ் 24' என்பார்கள். கிளவுடிலும் அதுவே குறைந்தபட்சம். எனவே ஒரு சர்வரை இன்றைக்கு, இன்னொன்றை அடுத்த வாரம் என்று கொண்டுபோக முடியாது. 256-ம் ஒரே நொடியில் போக வேண்டும். எங்களிடம் இருந்தவை இரண்டு பாதி. முதல் பாதியில் வங்கிகளோடு பேசும் சர்வர்கள். அதே பாதியின் நடுவில் பழைய மின்னஞ்சல் சர்வர், வருகைப்பதிவுக் கருவி, யார் வைத்தது என்று யாருக்கும் தெரியாத ஒரு பெட்டி என்று பலதும் கலந்து கிடந்தன. அந்தப் பெட்டியின் கேபிளைப் பிடித்துக்கொண்டே ரேக்குக்குப் பின்னால் குனிந்து போனால், அது காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கு இரவில் கோப்பு அனுப்பும் பழைய கணினி. தூசு படிந்த பச்சை விளக்கோடு அது தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது. வெளியார் ஏட்டில் இல்லாதவற்றை எல்லாம் இரண்டாம் பாதிக்கு நகர்த்தி, முதல் பாதியைச் சுத்தம் செய்வதுதான் முழு வேலையிலும் அதிக நாள் பிடித்தது.

மாற்றம் ஒரு சனிக்கிழமை இரவு. அமேசான் எங்கள் சான்றுகளைச் சரிபார்த்துத் தொகுதியை முன்னதாகவே ஏற்றுக்கொண்டிருந்தது. அங்கே புது சர்வர்களுக்கு அதே பழைய எண்களைப் போட்டுத் தயாராக வைத்திருந்தோம். இங்கே எங்கள் ரவுட்டரில் அறிவிப்பை நிறுத்த வேண்டும், அங்கே அறிவிக்கச் சொல்லும் கட்டளையைத் தட்ட வேண்டும். அந்தப் பெண்ணையே தட்டச் சொன்னேன். சில நிமிடங்களில் திரையில் வழி மாறியது. கிண்டியில் எங்கள் கட்டடத்துக்கு வந்துகொண்டிருந்த தடம் மும்பைக்குப் போனது. ஒவ்வொரு வங்கியாகச் சோதித்தோம். பதில், பதில், பதில். பிறகு ஏழெட்டு வங்கிகள் பதிலே தரவில்லை.

அவை எல்லாம் ஒரே இணைய நிறுவனத்தின் இணைப்பில் இருந்தன. எங்கள் பழைய இரண்டு இணைப்புகளில் ஒன்றைக் கொடுத்தவர்களும் அவர்களே. எப்போதோ ஒரு கோளாறின்போது அவசரத்துக்கு எங்கள் முகவரிகளுக்கு ஒரு நிலையான வழியைத் தங்கள் ரவுட்டரில் எழுதிவிட்டு, எடுக்காமல் விட்டிருந்தார்கள். வெளியுலகம் சரியாக மும்பைக்குப் போயிற்று. அவர்கள் வலைக்குள் இருந்தவர்கள் மட்டும் காலியான எங்கள் கட்டடத்துக்கே வந்துகொண்டிருந்தார்கள். இரவு ஒரு மணிக்கு அவர்கள் உதவி எண்ணைக் கூப்பிட்டோம். ஷிப்டில் தனியாக இருந்த ஒரு பையன் எடுத்தான். இது என் வேலை இல்லை, திங்கட்கிழமை பேசுங்கள் என்று வைத்திருக்கலாம். வைக்கவில்லை. "லைன்லயே இருங்க சார், பார்க்கிறேன்" என்று ரவுட்டர் ரவுட்டராகத் தேடினான். அந்த ஒரு வரியைக் கண்டுபிடித்து, மேலதிகாரியை எழுப்பி அனுமதி வாங்கி எடுத்தான். மிச்ச வங்கிகளும் பதில் தந்தன. அடுத்த நாள் அவன் மேலதிகாரிக்குப் பாராட்டிக் கடிதம் எழுதினேன். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி யாரும் எழுதிக் கொடுப்பதில்லை, புகார் மட்டும்தான் போகிறது.

எங்கள் பழைய ஏ.எஸ். எண்ணுக்கான ரோவாவை உடனே அழிக்கவில்லை. ஒரே தொகுதிக்கு இரண்டு பேருக்கு ஒப்புதல் இருக்கலாம். திரும்பி வர நேர்ந்தால் வழி திறந்திருக்க வேண்டும். ஒரு மாதம் பார்த்துவிட்டு அழித்தோம். அதை அப்படியே விட்டிருந்தால், எங்கள் ஏ.எஸ். எண்ணைப் போட்டு யாராவது பொய் அறிவிப்பு செய்தாலும் அதற்கு எங்கள் சான்றே துணை போயிருக்கும். இரண்டாம் பாதியையும் பிறகு கொண்டுபோனோம். அது சத்தமில்லாமல் முடிந்தது.

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு நண்பரின் மகன் பேசினான். அவர்கள் ஆலையும் கிளவுடுக்குப் போகிறதாம், சொந்தத் தொகுதி இருக்கிறதாம். "எத்தனை நாள் ஆகும் மாமா?" என்று கேட்டான். பதிவகத்தில் உங்கள் தொகுதிக்கு நேரே யார் மின்னஞ்சல் இருக்கிறது, கட்டணம் யார் கட்டுகிறார்கள், முதலில் இந்த இரண்டையும் பார்த்துச் சொல் என்றேன். மறுநாள் மாலையே கூப்பிட்டான். வேலையை விட்டு சிங்கப்பூர் போய்விட்ட ஒருவரின் பெயர் இருக்கிறதாம். அவர் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறான்.